எல்லையில் சம்பளம், கன்னங்குறிச்சியில் செலவு

பட்டாளத்துக்காரர் குடும்பத்தில் பணம் ஓரிடத்தில் வருகிறது, வேறோரிடத்தில் செலவாகிறது. சம்பாதிப்பவர் காஷ்மீரிலோ அருணாசலத்திலோ இருப்பார். பால்காரருக்கும் பள்ளிக்கூடத்துக்கும் பணம் எண்ணிக் கொடுப்பது சேலத்தில் இருக்கும் மனைவி, இல்லாவிட்டால் அப்பா. மற்ற மாதச் சம்பளக் குடும்பங்களுக்குச் சொல்லும் சேமிப்பு யோசனைகள் எங்களுக்கு அப்படியே பொருந்தாமல் போவதற்கு முதல் காரணம் இதுதான். இரண்டாவது காரணம் வயது. ஆசிரியரோ மின்வாரிய ஊழியரோ ஓய்வு பெறும் நேரத்தில் பிள்ளைகள் படித்து முடித்து வேலைக்கே போயிருப்பார்கள். ஹவில்தாராக இருப்பவர் நாற்பதுகளின் முதல் பாதியிலேயே டிரங்குப் பெட்டியோடு வீட்டுக்கு வந்துவிடுவார். அப்போதுதான் பெரிய பிள்ளை பத்தாம் வகுப்பில் இருக்கும். பெரிய செலவெல்லாம் அதற்கப்புறம்தான் ஆரம்பிக்கும்.

என் வீட்டுக்காரர் 1997-இல் மதராஸ் ரெஜிமென்டில் சேர்ந்தார். வெலிங்டனில் பயிற்சி. 2021-இல் ஹவில்தாராக ஓய்வு பெற்றார். நான் ஏற்காட்டு மலையில் பிறந்தவள், கல்யாணமாகி அடிவாரத்துக்கு, கன்னங்குறிச்சிக்கு வந்தவள். அவர் பணியில் இருந்த காலம் முழுக்க இங்கே கணக்குப் பார்த்தது நான்தான். இதை இப்போது எழுதுவதற்குக் காரணம் என் அண்ணன் மகன். 2023 தொடக்கத்தில் அக்னிவீரனாக, அதாவது நான்கு ஆண்டுக்கு மட்டும் ராணுவத்தில் எடுக்கும் திட்டத்தில், சேர்ந்தான். நான்கு ஆண்டு முடியப் போகிறது. கையில் வரப்போகும் பணத்தைப் பற்றி எஸ்டேட் லைன் வீடுகள் வரைக்கும் பேச்சு ஓடுகிறது. அவனைப் போன்ற பையன்கள் சேலம் மாவட்டத்தில் நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்களுக்கும் அவர்கள் வீட்டுப் பெண்களுக்கும் பயன்படட்டும் என்றுதான் இது.

முதலில், பே ஸ்லிப். இதைப் படிக்க ஜவானுக்குத் தெரிந்தால் போதாது, வீட்டில் இருப்பவருக்கும் தெரிய வேண்டும். முன்பெல்லாம் அவர் லீவில் வரும்போது காகிதமாகக் கட்டிக் கொண்டுவருவார். அப்புறம் ராணுவத்தின் ஹம்ராஜ் ஆப்பில் பார்க்க முடிந்தது. வரவுப் பக்கத்தில் அடிப்படைச் சம்பளம், அகவிலைப்படி, எம்எஸ்பி என்று வரும். எம்எஸ்பி என்பது ராணுவப் பணிக்கென்று தனியாகத் தருவது. ஜவானிலிருந்து ஜேசிஓ வரை, அதாவது சுபேதார் போன்ற இளநிலை அதிகாரிகள் வரை, மாதம் 5,200 ரூபாய். அதற்குக் கீழே போஸ்டிங்கைப் பொறுத்த படிகள். எதிர்ப்பக்கத்தில் பிடித்தம். அங்கேதான் இரண்டு பெயர்களை வீட்டில் இருப்பவர் மனப்பாடமாகத் தெரிந்து வைத்திருக்க வேண்டும்: ஏஎஃப்பிபி ஃபண்டு, ஏஜிஐஎஃப்.

ஏஎஃப்பிபி என்பது ஜவான்களுக்கும் ஜேசிஓக்களுக்கும் உரிய சேமநல நிதி. குறைந்தது ஆறு சதவீதம் பிடிப்பார்கள், வேண்டுமென்றால் எழுதிக் கொடுத்துக் கூட்டிக்கொள்ளலாம். வட்டி மத்திய அரசு ஊழியர்களின் பொது சேமநல நிதியான ஜிபிஎஃபுக்குக் கிடைப்பதுதான். 2020 ஏப்ரலில் 7.1 சதவீதமாக்கி, அதற்கப்புறம் ஆண்டுக்கணக்கில் அதே விகிதத்தில் வைத்திருக்கிறார்கள். நம்மைப் போன்றவர்கள் போடும் அளவுக்கு அந்த வட்டிக்கு வரியும் கிடையாது. இத்தனை வட்டியை இத்தனை பத்திரமாக எந்த வங்கி தருகிறது? அப்படியிருந்தும் பெரும்பாலான பையன்கள் ஆறு சதவீதத்தோடு நிறுத்திவிட்டு மீதியைச் சேமிப்புக் கணக்கில் கிடக்க விடுகிறார்கள். கையில் கிடைக்கும் பணம் கையோடு போய்விடும். ஏஎஃப்பிபியில் இருப்பதை எடுக்க வேண்டுமென்றால் காரணம் எழுதி விண்ணப்பம் போட வேண்டும். அந்தச் சிறு தடைதான் எங்களுக்குப் பெரிய பாதுகாப்பாக இருந்தது. ஒவ்வொரு இன்கிரிமென்டுக்கும் பாதியை அதில் கூட்டிவிடுவது என்று ஒரு வழக்கம் வைத்துக்கொண்டோம். வராத பணத்தைப் பார்த்துச் செலவு வளராது.

ஏஜிஐஎஃப் என்பது 1976-இல் தொடங்கிய ராணுவக் குழுக் காப்பீடு. மாதப் பிடித்தத்தில் ஒரு பகுதி ஆயுள் காப்பீட்டுக்குப் போகிறது. மறு பகுதி சேமிப்பாகத் தங்கி, ஓய்வின்போது போனஸோடு மொத்தமாகத் திரும்பி வருகிறது. இது இருப்பதே தெரியாமல் எத்தனையோ வீடுகளில் ஏஜெண்டு சொன்னார் என்று எண்டோமென்ட் பாலிசியை, அதாவது சேமிப்பும் காப்பீடும் கலந்த பாலிசியை, மூன்று, நான்கு என்று வாங்கி வைத்திருப்பார்கள். லீவில் வந்த முதல் வாரத்திலேயே ஏஜெண்டு வீட்டு வாசலில் நிற்பார், உறவுக்காரராகவும் இருப்பார். மறுக்க முடியாது. இருபது ஆண்டு கட்டி முடித்து வரும் தொகையைக் கணக்குப் போட்டுப் பாருங்கள், ஐந்து ஆறு சதவீதத்தைத் தாண்டுவது அரிது. ஏஎஃப்பிபியை அந்த அளவுக்குக் கூட்டியிருந்தாலே அதைவிட அதிகம் சேர்ந்திருக்கும்.

அதற்காகக் காப்பீடே வேண்டாம் என்பதில்லை. பணியில் இருக்கும்போது ஏஜிஐஎஃபின் பெரிய தொகை பின்னால் நிற்கிறது. ஓய்வு பெற்ற மறுநாள் அது போய்விடும். அதற்கப்புறம் கிடைக்கும் நீட்டிப்புக் காப்பீடு சிறியது. பிள்ளைகள் படித்துக்கொண்டிருக்கும் அந்தப் பத்துப் பன்னிரண்டு ஆண்டுக்குத்தான் குடும்பத்துக்கு ஆயுள் காப்பீடு மிகவும் தேவை. அதனால் முப்பது வயதை ஒட்டி, உடம்பு நன்றாக இருக்கும்போது, ஒரு டெர்ம் பாலிசி, அதாவது சேமிப்பு இல்லாமல் உயிருக்கு மட்டும் காப்பீடு தரும் பாலிசி, எடுத்து வைப்பது நல்லது. வேலை ராணுவம் என்பதை விண்ணப்பத்தில் மறைக்காமல் எழுத வேண்டும். பாலிசி வந்ததும் எதற்கெல்லாம் பணம் தரமாட்டார்கள் என்ற பகுதியைத்தான் முதலில் படிக்க வேண்டும். பிடிக்கவில்லை என்றால் கையில் கிடைத்த முப்பது நாளுக்குள் திருப்பிக் கொடுத்துவிடலாம், அதற்குச் சட்டம் இடம் தருகிறது.

இனி வங்கிக் கணக்கு. இது சின்ன விஷயம் போலத் தெரியும். ஆனால் எங்கள் வீட்டில் நடைமுறையில் அதிகம் வேலை செய்தது இதுதான். சம்பளக் கணக்கு அவர் பெயரில், மொபைல் எண் அவருடையது, அந்த மொபைலோ சிக்னலே இல்லாத போஸ்டில் பெட்டிக்குள் இருக்கும். இங்கே பள்ளிக் கட்டணம் கட்ட கடைசி நாள். பணம் கணக்கில் இருக்கிறது, ஓடிபி வராமல் ஒரு ரூபாயை அசைக்க முடியாது. சில வீடுகளில் இதற்காகவே ஏடிஎம் கார்டையும் பின் எண்ணையும் தம்பியிடம், பக்கத்து வீட்டுப் பையனிடம் கொடுத்து வைத்திருப்பார்கள். வேண்டவே வேண்டாம். என் பெயரில் தனிக் கணக்கு, என் மொபைல் எண்ணோடு. சம்பளம் விழுந்த இரண்டாம் நாள் ஒரு குறிப்பிட்ட தொகை அவர் கணக்கிலிருந்து என் கணக்குக்குத் தானாக வரும்படி வங்கியில் நிரந்தர உத்தரவு எழுதிக் கொடுத்துவிட்டோம். வீட்டுச் செலவு எல்லாம் அதிலிருந்து. அவர் கணக்கில் மிஞ்சுவதை நான் தொடுவதில்லை, எனக்கு அனுப்பியதற்கு அவர் கணக்குக் கேட்பதில்லை. போனில் பேசக் கிடைக்கும் ஐந்து நிமிடத்தில் பணப்பேச்சு இல்லாமல் போனதே பெரிய நிம்மதி. சம்பளக் கணக்கு டிஃபென்ஸ் சாலரி பேக்கேஜ் வகையில் இருக்கிறதா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். அந்த வகைக் கணக்குகளுக்கு விபத்துக் காப்பீடு கூடவே வரும். சாதாரணக் கணக்காக இருந்தால் எழுதிக் கொடுத்து மாற்றிக்கொள்ளலாம்.

ராணுவச் சம்பளம் மேலேயும் கீழேயும் போகும். ஃபீல்டில், அதாவது எல்லைப் பக்கம், இருக்கும்போது படிகள் சேர்ந்து தொகை பெருத்துத் தெரியும். சியாச்சின் போன்ற இடத்தில் ஜவானுக்கு அந்தப் படி மட்டுமே மாதம் 30,000 ரூபாய். ஏழாவது ஊதியக் குழுவுக்கு அப்புறம் அது 14,000-லிருந்து இப்படி உயர்ந்தது. பீஸ் ஸ்டேஷனுக்கு, அதாவது எல்லையை விட்டு உள்நாட்டு முகாமுக்கு, மாறியதும் அது நின்றுவிடும். ஆனால் அந்தப் பெருத்த சம்பளத்தை நம்பி எடுத்த பைக்கின் தவணை நிற்காது. மாற்றிய பெரிய வாடகை வீடு சுருங்காது. குடும்பத்தை பீஸ் ஸ்டேஷனுக்குக் கூட்டிப் போனால் அங்கே ஒரு வீடு, இங்கே மாமியார் மாமனாருக்கு ஒரு வீடு என்று செலவு இரண்டாகவும் ஆகும். சம்பளம் குறையும்போதே செலவு கூடும் என்பதைச் சிவில் வேலையில் இருப்பவர்களுக்குச் சொன்னால் நம்பவே மாட்டார்கள். எங்கள் வீட்டில் ஃபீல்டு படியைச் சம்பளமாகவே எண்ணியதில்லை. அடிப்படை, அகவிலைப்படி, எம்எஸ்பி — குடும்பம் இதற்குள் நடக்க வேண்டும். படியாக வந்தது முழுவதும் ஏஎஃப்பிபிக்கும், மகள் பிறந்த பிறகு செல்வமகள் கணக்குக்கும் போனது. செல்வமகளில் பதினைந்து ஆண்டு போட்டால் போதும், இருபத்தோராம் ஆண்டு முதிர்கிறது. ஆண்டுக்கு 250 ரூபாய் போட்டாலும் கணக்கு உயிரோடு இருக்கும் என்பதால் கையில் இருக்கும்போது நிறைய, இல்லாதபோது கொஞ்சம் என்று போட முடிந்தது. மேலும் கீழும் போகும் வருமானத்துக்கு இது தோதான திட்டம்.

பணம் ஓட்டை வழியாகப் போவது லீவில்தான். ஜவானுக்கு ஆண்டுக்கு அறுபது நாள் ஆண்டு விடுப்பு, முப்பது நாள் கேசுவல் லீவு. வந்த மனுஷனை யாராவது சும்மா இருக்க விடுவார்களா? கோயில், கறி விருந்து, மச்சான் வீட்டு விசேஷம், ஊர்த் திருவிழாவுக்கு நன்கொடை, பழைய நண்பனுக்குக் கைமாத்து. பத்து மாதம் பிரிந்திருந்துவிட்டு வந்தவருக்குக் கைநிறையச் செலவு செய்யத் தோன்றுவது இயல்பு. அதைக் கஞ்சத்தனத்தால் தடுக்கக் கூடாது, தடுத்தால் சண்டைதான் மிஞ்சும். நாங்கள் லீவுக்கென்று மாதாமாதம் ஒரு ஆர்டி கட்டினோம். லீவு தேதிக்கு முந்தைய மாதம் அது முடியும். அந்தத் தொகை முழுக்க அவர் கையில். குழந்தைகளை ஏற்காட்டுக்குக் கூட்டிப் போய் படகு விடுவாரோ, அக்காவுக்குச் சேலை எடுப்பாரோ, அவர் இஷ்டம். தீர்ந்தால் தீர்ந்தது. கைமாத்து கேட்டு வருபவர்களுக்கும் அவரே, "இவ்வளவுதான் இருக்குங்க" என்று உண்மையாகச் சொல்ல முடிந்தது.

கேன்டீனைப் பற்றியும் ஒரு வார்த்தை. ராணுவத்தினருக்கான சிஎஸ்டி கேன்டீனில் விலை குறைவு என்பது உண்மை. மளிகை, சோப்பு, எண்ணெய் எல்லாம் மாதம் ஒருமுறை அங்கே வாங்கினால் கண்ணுக்குத் தெரியும் மிச்சம். ஆனால் மலிவாகக் கிடைக்கிறது என்பதற்காக வாங்கும் இரண்டாவது டிவி மிச்சம் ஆகாது. உறவுக்காரர்களுக்கு உங்கள் கார்டில் வாங்கிக் கொடுப்பதும் கூடாது, விதிப்படியும் தப்பு.

நிலம் வாங்குவதைப் பற்றிக் கொஞ்சம் நீட்டித்தான் சொல்ல வேண்டும். பட்டாளத்துக்காரர் பணம் அதிகம் சிக்கிக்கொள்வது இதில்தான். லீவில் வருபவருக்கு நாள் குறைவு, ஆசை அதிகம், புரோக்கருக்கு இரண்டும் தெரியும். அயோத்தியாப்பட்டணம் பக்கமோ ஓமலூர் ரோட்டிலோ கல் நட்டு, வண்ணக் கொடி கட்டிய இடத்துக்கு வேனில் கூட்டிப் போய், சாப்பாடு போட்டு, அன்றே அட்வான்ஸ் வாங்கிவிடுவார்கள். டிடிசிபி (நகர் ஊரமைப்பு இயக்ககம்) அங்கீகார எண் என்ன என்று கேட்டு எழுதிக்கொண்டு வாருங்கள், அட்வான்ஸ் அன்றைக்குக் கொடுக்காதீர்கள். வில்லங்கச் சான்றைக் குறைந்தது முப்பது ஆண்டுக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். பட்டாவில் இருக்கும் பெயரும் விற்பவர் பெயரும் ஒன்றா, தாய்ப்பத்திரம் யாரிடம், இதையெல்லாம் ஒரு வக்கீலிடம் சில ஆயிரம் ரூபாய் கொடுத்துப் பார்க்கச் சொன்னால் பல லட்சம் காப்பாற்றப்படும். மலைமேல் இடம் என்றால் இன்னும் கவனம் வேண்டும். ஏற்காட்டில் கட்டடம் கட்டுவதற்கு மலைப்பகுதிப் பாதுகாப்பு விதிகள் இருக்கின்றன. பழங்குடி மக்களுக்கு நிபந்தனையோடு கொடுத்த பட்டா நிலங்களும் உண்டு, அவற்றைப் பிறர் வாங்கினால் செல்லாது. காப்பித் தோட்டத்தின் ஓரமாக மலிவாக வருகிறதே என்று பாய்ந்துவிடக் கூடாது.

இன்னொன்று. பதிவு நாளன்று தன்னால் வர முடியாது என்பதற்காக அண்ணன் பெயரில், அப்பா பெயரில் வாங்கி வைப்பவர்கள் இருக்கிறார்கள். அண்ணன் தங்கமானவராகவே இருக்கலாம். பத்திரத்தில் அவர் பெயர் இருந்தால் அது அவர் சொத்து, அவருக்கு அப்புறம் அவர் பிள்ளைகளுக்குப் போகும். அடுத்த லீவு வரைக்கும் பதிவைத் தள்ளிப் போடுங்கள். அதற்குள் அந்த இடம் கைவிட்டுப் போனால் வேறு இடம் கிடைக்கும். மனைவி பெயரிலோ இருவர் பெயரிலோ என்றால் அதை முதலிலேயே பேசி முடிவெடுங்கள்.

அதிக வட்டித் திட்டங்களைப் பற்றி எங்கள் பக்கத்துக்காரர்களுக்குச் சொல்லத் தேவையே இருக்கக் கூடாது. 2012-இல் பெருந்துறைப் பக்கம் ஈமு கோழித் திட்டங்கள் கவிழ்ந்தபோது சேலம், ஈரோடு, நாமக்கல் என்று எத்தனை வீடுகளில் அழுகை. கோழியையும் கொடுத்து, தீனியையும் கொடுத்து, மாதாமாதம் பணமும் கொடுக்கிறோம் என்றார்கள். எங்களுக்குத் தெரிந்த ஓய்வுபெற்ற சுபேதார் ஒருவர் பணிக்கொடை முழுவதையும் அதில் போட்டிருந்தார். நெஞ்சு உரம் மிக்கவர், பனிமலையில் ஆண்டுக்கணக்கில் நின்றவர். கடைசியில் செக்யூரிட்டி வேலைக்குப் போய்த்தான் மகள் கல்யாணத்தை முடித்தார். அவரை நினைத்தால் இன்றைக்கும் மனசு ஆறவில்லை. பட்டாளத்துக்காரர்கள் ஒருவரை ஒருவர் நம்புகிறவர்கள். கூட வேலை பார்த்தவன் சொன்னான் என்றால் உயிரையே வைப்பார்கள். அந்த நம்பிக்கையைத்தான் இந்தத் திட்டக்காரர்கள் பயன்படுத்திக்கொள்கிறார்கள். ஓய்வுபெற்ற ஒருவரையே ஏஜெண்டாக வைத்துக்கொள்கிறார்கள். பணம் வாங்கும் நிறுவனத்துக்கு அனுமதி உண்டா என்று ரிசர்வ் வங்கியின் சச்சேத் தளத்தில் பார்க்கலாம். சீட்டு கட்டுவதென்றால் 1982-ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிவான சீட்டா என்று சீட்டுப் பதிவாளர் அலுவலகத்தில் கேட்கலாம். ஏமாந்துவிட்டால் 1997-இன் முதலீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது, பொருளாதாரக் குற்றப் பிரிவில் புகார் கொடுக்கலாம். ஆனால் பணம் திரும்ப வருவதற்குள் பிள்ளைகள் வளர்ந்துவிடுகிறார்கள்.

காகிதங்களுக்கு வருகிறேன். சேமித்ததெல்லாம் உரியவர் கையில் சேருவது இதில்தான் இருக்கிறது. கல்யாணமானதும் அது யூனிட்டில் பார்ட் டூ ஆர்டராக, அதாவது பணிப்பதிவில் ஏறும் ஆணையாக, பதிய வேண்டும். குழந்தை பிறந்தால் அதுவும். இல்லாவிட்டால் ராணுவத்தின் கணக்கில் அந்த மனைவியும் குழந்தையும் இல்லவே இல்லை. தமிழ்நாட்டுக்காரர்களுக்கு இதில் தனியாக ஒரு சிக்கல், இனிஷியல். நமக்கு அப்பா பெயரின் முதலெழுத்து முன்னால் வரும். ரெக்கார்டு ஆபீஸில் அதை விரித்துப் பின்னால் எழுதியிருப்பார்கள். ஆதாரில் ஒரு மாதிரி, பான் கார்டில் ஒரு மாதிரி, மனைவியின் பெயரோடு கணவர் பெயர் ஒட்டியும் ஒட்டாமலும். ஆங்கில எழுத்தில் ஒரு 'எச்' கூடினாலும் குறைந்தாலும் ராணுவ ஓய்வூதியத் தளமான ஸ்பர்ஷில் கணக்கு முட்டிக்கொண்டு நிற்கும். மனைவியின் பிறந்த தேதி தவறாகப் பதிவாகி, குடும்ப ஓய்வூதியத்துக்காக அலைகிற பாட்டிமார்களை முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் பார்த்திருக்கிறேன். பணியில் இருக்கும்போது ஒரு விண்ணப்பத்தில் முடிகிற வேலை அது. அவர் லீவில் இருந்த ஒரு மத்தியான வேளையில் சர்வீஸ் ரெக்கார்டு நகல், ஆதார், பான், பாஸ்புக், எல்லாவற்றையும் திண்ணையில் வரிசையாகப் பரப்பி, பெயரையும் தேதியையும் விரலால் தொட்டுத் தொட்டு ஒப்பிட்டோம். எங்கே வேறுபட்டதோ அங்கே பென்சிலால் வட்டம். திரும்பிப் போகும்போது அந்த வட்டங்களின் பட்டியலைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போனார். ஏஎஃப்பிபி, ஏஜிஐஎஃப், வங்கி, பாலிசி என்று ஒவ்வொன்றிலும் நாமினி யார் என்பதையும் அன்றே பார்த்துவிட்டோம். கல்யாணத்துக்கு முன்னால் எழுதிய நாமினி தானாக மாறாது.

பிள்ளைகளின் கல்விப்படியை நிறையப் பேர் கேட்டு வாங்குவதே இல்லை. இரண்டு குழந்தைகள் வரை, ஆளுக்கு மாதம் 2,250 ரூபாயாக இருந்தது, 2024 ஜனவரியிலிருந்து 2,812.50. ஆண்டுக்குக் குழந்தைக்கு 33,750 ரூபாய். பள்ளித் தலைமையாசிரியரிடம் ஒரு சான்று வாங்கி அனுப்பினால் போதும். ஓய்வுக்குப் பிறகு பிரதமரின் உதவித்தொகைத் திட்டம் இருக்கிறது. பிளஸ் டூவில் அறுபது சதவீதம் எடுத்து தொழிற்கல்விப் பட்டப்படிப்பில் முதலாண்டு சேரும்போதே விண்ணப்பிக்க வேண்டும்: பெண் பிள்ளைக்கு மாதம் 3,000, ஆண் பிள்ளைக்கு 2,500. இரண்டாம் ஆண்டில் போய்க் கேட்டால் கிடைக்காது.

ஓய்வு நேரத்தில் எடுக்க வேண்டிய பெரிய முடிவு கம்யூடேஷன். ராணுவத்தில் ஓய்வூதியத்தின் பாதி வரை முன்கூட்டியே மொத்தமாக வாங்கிக்கொள்ளலாம். கிடைக்கிறதே என்று கண்ணை மூடிக்கொண்டு முழுப் பாதியையும் எழுதிக் கொடுப்பவர்கள்தான் அதிகம். கணக்கைப் பாருங்கள். நாற்பது வயதை ஒட்டியவருக்கு, மாதம் 10,000 ரூபாயை விட்டுக்கொடுத்தால் அதைப் பன்னிரண்டாலும் ஏறக்குறைய ஒன்பதாலும் பெருக்கிக் கொடுப்பார்கள்: 10 லட்சத்து 80 ஆயிரம் சொச்சம். பதினைந்து ஆண்டு கழித்துத்தான் அந்தப் 10,000 திரும்ப வரும். அதற்குள் விட்டுக்கொடுத்தது 18 லட்சம். வட்டியாகப் போட்டுப் பார்த்தால் ஏழரை சதவீதத்தை ஒட்டி வருகிறது. அகவிலை நிவாரணம் மட்டும் முழு ஓய்வூதியத்துக்கும் தொடர்ந்து கிடைக்கும், கையில் வரும் தொகைக்கு வரியும் இல்லை. ஆக, அதைவிடக் கூடுதல் வட்டிக்கு வீட்டுக் கடனோ நகைக் கடனோ இருந்தால் கம்யூடேஷன் பணத்தால் அடைப்பது லாபம். வாங்கி வங்கியில் ஆறரை சதவீதத்துக்குப் போட்டு வைப்பது நஷ்டம். மாடி வீடு கட்டி ஊருக்குக் காட்டுவது என்ன என்று நான் சொல்லத் தேவையில்லை. நாங்கள் வீட்டுக் கடன் பாக்கி எவ்வளவோ அதற்கு மட்டும் கம்யூட் செய்தோம். அவருடைய பேட்ச் ஆட்களுக்கு அது வினோதமாகத் தெரிந்தது. தவணை நின்றுபோன வீட்டில், அதிகம் குறையாத ஓய்வூதியத்தோடு மகளைக் கல்லூரியில் சேர்த்தோம்.

மற்ற தொகைகளில் ஏஎஃப்பிபி, ஏஜிஐஎஃப், பணிக்கொடை, விடுப்புச் சம்பளம் எல்லாம் இரண்டு மூன்று மாதத்துக்குள் வந்து சேரும். வந்த ஆறு மாதத்துக்கு எதையும் எதிலும் போடாமல் குறுகிய கால டெபாசிட்டில் வைத்திருந்தோம். அந்த நேரத்தில்தான் எல்லாரும் தேடி வருவார்கள். வங்கி மேலாளர்கூட காப்பித் தண்ணி வரவழைத்து, பங்குச் சந்தையோடு கட்டிய யூனிட் லிங்க்டு பாலிசியை நீட்டுவார். அப்புறம் பிரித்தோம். மகள் படிப்புக்கு வேண்டியது டெபாசிட்டில். பத்து ஆண்டுக்குத் தொட வேண்டாத பணம், பங்குச் சந்தைக் குறியீட்டைப் பின்பற்றும் இண்டெக்ஸ் ஃபண்டில், ஒரேயடியாக இல்லாமல் மாதாமாதம் கொஞ்சமாக. ஐம்பது வயது ஆனதும் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்துக்கு மாற்றலாம் என்று ஒரு பகுதியை ஒதுக்கி வைத்திருக்கிறோம். பாதுகாப்புப் படையில் ஓய்வு பெற்றவர்களுக்கு மட்டும் அறுபதுக்குப் பதில் ஐம்பதிலேயே அதில் சேர இடம் உண்டு. இது அஞ்சலகத்தில் உள்ளவர்களுக்கே சில நேரம் தெரிவதில்லை. வீட்டுக்காரர் இப்போது டெக்ஸ்கோ மூலம் காவல் பணிக்குப் போகிறார். தமிழ்நாடு அரசு முன்னாள் படைவீரர்களுக்காக 1986-இல் தொடங்கிய கழகம் அது. உடம்பு சரியில்லை என்றால் சேலத்திலேயே இசிஎச்எஸ், அதாவது முன்னாள் படைவீரர் மருத்துவத் திட்டத்தின், பாலிகிளினிக் இருக்கிறது. நவம்பரில் உயிர்ச் சான்றிதழை மொபைலிலேயே முகத்தைக் காட்டி முடித்துவிடுகிறார்.

இதெல்லாம் ஓய்வூதியம் இருப்பவர்கள் கதை. அண்ணன் மகனுக்கு இது எதுவும் கிடையாது. அக்னிவீரர்களில் நூற்றுக்கு இருபத்தைந்து பேர் வரைதான் நிரந்தரப் பணிக்கு எடுக்கப்படுவார்கள். மற்றவர்களுக்கு ஓய்வூதியம் இல்லை, பணிக்கொடை இல்லை, முன்னாள் படைவீரர் என்ற தகுதி இல்லை, கேன்டீனும் இசிஎச்எஸ்ஸும் இல்லை. முதலாண்டு சம்பளம் 30,000. அதில் 9,000 பிடித்துக்கொண்டு 21,000 கையில் வரும். நான்காம் ஆண்டில் 40,000, கையில் 28,000. பிடித்த தொகை நான்கு ஆண்டில் 5 லட்சத்து 2 ஆயிரம் ஆகும். அரசு அதே அளவு போடும். வட்டியோடு ஏறக்குறைய 11 லட்சத்து 71 ஆயிரம் சேவா நிதியாக வரும், வரி கிடையாது. பணியில் இருக்கும்வரை பிரீமியம் இல்லாமல் 48 லட்ச ரூபாய் ஆயுள் காப்பீடு. நிரந்தரப் பணிக்கு எடுக்கப்பட்டால் அவன் போட்ட பங்கும் அதன் வட்டியும்தான் கைக்கு வரும், அரசின் பங்கு வராது. நடுவில் தானாக விலகினாலும் அதேதான். இந்த விவரம் தெரியாமல் இரண்டு கணக்கையும் ஒன்றாகப் போட்டு, வேலையும் கிடைக்கும், பன்னிரண்டு லட்சமும் வரும் என்று கனவு காண்கிறார்கள்.

அண்ணன் எஸ்டேட்டில் மேஸ்திரி. தகரக் கூரையைப் பிரித்து ஓட்டுவீடு கட்ட வேண்டும் என்பது அவருடைய நீண்ட நாள் ஆசை. அந்தப் பணத்தைக் காட்டி இப்போதே வட்டிக்கு வாங்கலாம் என்று யாரோ சொல்லிக் கொடுத்திருந்தார்கள். மலைக்குப் போய் அண்ணனோடு உட்கார்ந்து பேசினேன். "பையன் சம்பாதிச்சது, பையன்தான் சொல்லணும் கண்ணு" என்றார் அண்ணன். பையனோ, "அத்தை, அப்பா கேட்டா எப்படிங்க இல்லேன்னு சொல்றது" என்றான். இருவருமே நல்லவர்கள் என்பதுதான் சிக்கல். கடைசியில் ஒரு காகிதத்தில் எழுதினோம். வேலை தேடும் காலத்துக்கென்று ஒன்றரை ஆண்டு வீட்டுச் செலவு, மூன்று லட்சம், டெபாசிட்டில். படிப்புக்கும் தேர்வுப் பயிற்சிக்கும் ஒன்றரை லட்சம். குடும்பத்துக்கே மருத்துவக் காப்பீடு, அவன் வெளியே வரும் மாதத்திலேயே. கூரைக்கு மூன்று லட்சம், அதுவும் பணம் கையில் வந்த பிறகு, கடன் வாங்கி அல்ல. மீதியை அவனுக்கு நிலையான வேலை அமையும்வரை யாரும் தொடுவதில்லை. நிரந்தரப் பணி கிடைத்துவிட்டால் கூரை மட்டும், மற்றதெல்லாம் ஏஎஃப்பிபி.

இதற்கு மேலே கையில் வரும் சம்பளத்திலிருந்து அவன் மாதம் 8,000 ஆர்டி கட்டி வருகிறான். சேரும்போதே அஞ்சலகத்தில் போடலாம் என்றுதான் போனான். அஞ்சலக ஆர்டி ஐந்து ஆண்டு. மூன்று ஆண்டுக்கு மேல் கட்டியிருந்தாலும் நடுவில் முடித்தால் சேமிப்புக் கணக்கு வட்டிதான் தருவார்கள். நான்கே ஆண்டில் வெளியே வரப்போகிறவனுக்கு அது ஒத்துவராது என்று வங்கியில் அவன் பணிக்காலத்தோடு முடிகிற மாதிரி போடச் சொன்னேன். வெளியே வருகிற மாதமே அந்தப் பணமும் முதிர்கிறது. சேவா நிதி வரவு வைக்கப்படச் சில வாரம் தாமதமானாலும், முதல் செலவுகளுக்கு யாரிடமும் கை நீட்ட வேண்டியதில்லை.